ஆடி முடித்தவர் பயிற்றுநராவது எப்படி?

திருகோணமலையில் பாடசாலை அணிக்கு ஹொக்கி ஆடி முடித்துவிட்டு, இனிப் பிள்ளைகளைப் பழக்கலாம் என்று நினைக்கிறீர்களா? முதலில் ஐஸ் ஹொக்கிக்காரர் ஒருவரைப் பாருங்கள். ஹெர்ப் புரூக்ஸ் மினசோட்டா பல்கலைக்கழகத்துக்கு ஆடியவர். 1960 அமெரிக்க ஒலிம்பிக் அணியிலிருந்து கடைசி நேரத்தில் நீக்கப்பட்டார், அந்த அணியோ தங்கம் வென்றது. பிறகு அதே பல்கலைக்கழகத்தின் பயிற்றுநராக வந்து 1974, 1976, 1979 என மூன்று முறை தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தார், 1980இல் அமெரிக்காவுக்கு ஒலிம்பிக் தங்கமும்.

சரி, உங்கள் தொடக்கம்? ஏற்கெனவே பழக்கும் சேரிடம் போய் உதவியாளராக ஒரு பருவம் நில்லுங்கள், கொப்பி ஒன்றும் கையில் இருக்கட்டும்.

நல்ல ஆட்டக்காரருக்கு வரும் பெரிய சிக்கல், கைக்குத் தெரிந்தது வாய்க்கு வராது. பந்தை நிறுத்துவதையே எடுங்கள். "நிப்பாட்டு" என்று கத்தினால் பத்து வயதுப் பிள்ளைக்கு என்ன விளங்கும்? இடக்கை மட்டையின் உச்சியில், வலக்கை கீழே தளர்வாக, பிடிப்பக்கம் கொஞ்சம் முன்னால் சாயட்டும், அப்போதுதான் பந்து மேலே துள்ளாது. இப்படித் துண்டு துண்டாகச் சொல்ல வீட்டிலேயே பழகுங்கள்.

ஐஸ் ஹொக்கியில் ஆட்டக்காரர் முக்கால் நிமிடம் போல முழுவேகத்தில் ஆடிவிட்டு வாங்குக்கு வந்துவிடுவார். கச்சான் காற்று அனலாக வீசும் மாதங்களில் பின்னேரப் பயிற்சிக்கு இதையே எடுத்துக்கொள்ளுங்கள்: குறுகிய ஓட்டம், நிழல், தண்ணீர், அப்புறம் அடுத்தது. முதலுதவியும் கட்டாயம் படித்துவிடுங்கள்.