தீக்காய வார்டில் சோடியம்: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வார்டுக்குப் புதிதாக வரும் ஹவுஸ் சர்ஜன்கள், அந்த வயதில் நான் செய்த தவறுகளையே செய்கிறார்கள். கையுறை, டிரெஸ்ஸிங் எல்லாம் சிஸ்டர்களே கற்றுக்கொடுத்துவிடுவார்கள். நான் சொல்ல வந்தது ரத்தத்தில் உள்ள சோடியத்தைப் பற்றி.

நாலாம் நாள் சோடியம் ஏறினால் உப்பைக் குறைப்பது

இதை இன்றும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டியது 154 என்று வருகிறது. உடனே கேஸ் ஷீட்டில் "உப்பில்லாக் கஞ்சி" என்று எழுதிவிடுகிறார்கள். நானும் ஒருமுறை எழுதினேன். 40 சதவீதக் காயம். விரிப்பைத் தொட்டால் ஈரம். நாக்கோ காய்ந்து வெடித்திருந்தது. இரண்டும் கண்முன்னே இருந்தும் ரிப்போர்ட்டை மட்டுமே பார்த்தேன். மறுநாள் காலை 160. மனைவியைப் பார்த்து யார் என்று கேட்டார்.

அவர் உடம்பில் உப்பு கூடவில்லை, தண்ணீர்தான் போய்விட்டது. தோல் போன இடத்தில் நீர் ஆவியாவதைத் தடுக்க எதுவும் இல்லை. காய சதவீதத்தோடு 25-ஐக் கூட்டி, சதுர மீட்டரில் உடல் பரப்பால் பெருக்கினால், மணிக்குச் சுமார் எத்தனை மில்லி போகிறது என்று தெரியும். அவருக்குப் பரப்பு 1.6. அதாவது 104 மில்லி, ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர். சிறுநீர் சார்ட்டில் இது தெரியவே தெரியாது.

சரி, தண்ணீரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். முடிந்தவரை வாய் வழியாக, இல்லையென்றால் மூக்குக் குழாயில். ஆனால் அவசரப்பட்டு இறக்கக் கூடாது. 24 மணி நேரத்தில் 10-க்கு மேல் குறைத்தால் மூளை வீங்கும் ஆபத்து உண்டு. கூடவே காய்ச்சலும் இருந்தால் கட்டை அவிழ்த்துக் காயத்தில் கிருமி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

முதல் நாள் வெறும் தண்ணீர்

முதல் இரண்டு நாள் கதையே வேறு. சோடியம் வீக்கத்துக்குள்ளும் செல்லுக்குள்ளும் இறங்கிவிடும், ரத்தத்தில் குறையும். நாம் டிரிப்பில் ஏற்றும் ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக் கரைசலிலேயே 130 தான் இருக்கிறது. அப்போது தாகத்தில் அழும் குழந்தைக்குப் பாட்டி பாசத்தில் சொம்பு சொம்பாகத் தண்ணீர் கொடுத்தால் வலிப்பு வரை போகலாம். பாட்டியைத் திட்டாதீர்கள்; ஓஆர்எஸ் கரைத்துக் கொடுத்து, எவ்வளவு, எப்போது என்று சொல்லிக் காட்டுங்கள்.

எட்டு மணி நேரக் கணக்கு

முதல் நாள் டிரிப்பில் பாதியை முதல் எட்டு மணி நேரத்தில் ஏற்றுகிறோம். அந்த எட்டு மணி நேரம் தீப்பட்ட நேரத்திலிருந்து. வார்டுக்கு வந்த நேரத்திலிருந்து அல்ல.

டிரிப் ஓடும் கை

அதில் ரத்தம் எடுக்காதீர்கள். டிரிப் கலந்து சோடியம் தப்பாக வரும்.

சோடியத்தை வைத்துக் காயத்தின் ஆழத்தைச் சொல்வது

முடியாது. அழுத்தினால் வெளுத்துத் திரும்பச் சிவக்கிறதா, ஊசி பட்டால் வலிக்கிறதா என்று காயத்திடமே கேளுங்கள்.