மொட்டை மாடி வான் கேமராவுக்கு மழையும் பனியும் தாங்கும் கூடு

வானம் முழுவதையும் ஒரே படத்தில் பிடிக்கும் மீன்கண் லென்ஸ் கேமராவுக்கு நம் ஊரில் ஒரு சோதனை உண்டு. ஜெமினிட் எரிகல் பொழிவு டிசம்பர் 13, 14 தேதிகளில் உச்சத்துக்கு வரும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தும் ஓயாமலும், பனி இறங்கத் தொடங்கும் நேரம் அது. மழையைத் தடுப்பது சுலபம், பிளம்பிங் சாமான்களே போதும். பனிதான் படத்தைக் கெடுக்கும். அதனால் கூட்டைப் பனியை நினைத்தே கட்டுங்கள்.

வாங்க வேண்டியவை: 110 மி.மீ. பிவிசி குழாய் ஓரடி, அதற்கு இரண்டு மூடிகள், அடியில் விளிம்புள்ள அக்ரிலிக் அரைக்கோளம், கேபிள் கிளாண்டு (வயர் நுழையும் துளையில் தண்ணீர் புகாமல் இறுக்கிப் பிடிக்கும் திருகு), 220 ஓம் 2 வாட் ரெசிஸ்டர் எட்டு, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல், சிலிகான் சீலண்ட். உள்ளே ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி போர்டு, அதற்கென்றே வரும் ஹெச்க்யூ கேமரா, மீன்கண் லென்ஸ் என்று வைத்துக்கொள்வோம். பை போர்டு 85 மி.மீ. நீளம், 56 மி.மீ. அகலம், குழாய்க்குள் நெட்டுக்குத்தாகத் தாராளமாக நிற்கும்.

1. மேல் மூடி. நடுவில் சுமார் 70 மி.மீ. துளை போடுங்கள். துளையிட ஹோல் சா இல்லையென்றால் வட்டம் வரைந்து, கோட்டின் மேல் சிறு துளைகள் நெருக்கமாகப் போட்டு, அறுத்து எடுத்து அரத்தால் தேய்த்தால் போதும்.

2. அரைக்கோளம். இதை மூடியின் மேல் சீலண்ட் வைத்து ஒட்ட வேண்டும். கடையில் 'நியூட்ரல்' சிலிகான் என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண ரகம் காயும்போது வினிகர் வாடை அடிக்கும். அது அசிட்டிக் அமிலம். மூடிய கூட்டுக்குள் அது சுற்றினால் செம்புக் கம்பிகளையும் சால்டர் இணைப்புகளையும் அரிக்கும். எதுவானாலும் ஒரு நாள் முழுக்கக் காயவிட்டுத்தான் எலக்ட்ரானிக்ஸை உள்ளே வையுங்கள்.

3. சூடாக்கி. தெளிந்த இரவில் அரைக்கோளம் தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றை விடவும் குளிர்ந்துபோகும். பனி படிவது அதனால்தான். இரண்டு மூன்று டிகிரி கூடுதலாக வைத்திருந்தாலே படியாது. எட்டு ரெசிஸ்டரையும் பக்க இணைப்பில் (எல்லாவற்றின் ஒரு முனையும் பிளஸுக்கு, மறு முனையும் மைனஸுக்கு) வளையமாகச் சால்டர் செய்து லென்ஸைச் சுற்றி வையுங்கள். 12 வோல்ட் கொடுத்தால் ஒவ்வொன்றும் 0.65 வாட், மொத்தம் 5 வாட்டுக்குச் சற்று மேல். ரெசிஸ்டர் சுடும், ஆகவே அக்ரிலிக்கையும் பிவிசியையும் தொடாமல் சில மி.மீ. இடைவெளி விடுங்கள். இரவில் மட்டும் ஓடினால் போதும்.

4. கேமரா. லென்ஸின் முன்பகுதி அரைக்கோளத்தின் மையத்துக்கு வருமாறு உயரத்தைச் சரிசெய்யுங்கள். தாழ்ந்தால் தொடுவானம் மூடியில் மறைந்துவிடும். சுற்றியுள்ள வெள்ளைப் பரப்புக்குக் கறுப்பு மேட் பெயின்ட் அடித்தால் நிலா வெளிச்சம் எதிரொளிக்காது.

5. கீழ் மூடி. வயர் இதன் வழியாக, கிளாண்டுக்குள் நுழையட்டும். நுழையும் முன் ஒரு தொங்கல் விடுங்கள், வழிந்து வரும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். 230 வோல்ட்டை மாடிக்குக் கொண்டுபோகவே வேண்டாம். 12 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டர் வீட்டுக்குள் இருக்கட்டும். பைக்கு வேண்டிய 5 வோல்ட்டைக் கூட்டுக்குள் ஒரு பக் கன்வெர்ட்டர் (வோல்ட்டைக் குறைத்துத் தரும் சிறு சர்க்யூட்) கொடுக்கும்.

இதே மூடியில் 3 மி.மீ. காற்றுத் துளை ஒன்றும் வேண்டும். பகலில் உள்காற்று விரியும், இரவில் சுருங்கும். முழுக்க அடைத்த கூட்டில் அந்தச் சுருக்கம் ஏதாவதொரு விரிசல் வழியாக ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். துளை இருந்தால் அந்த இழுப்பே இருக்காது. எறும்பு ஏறாமலிருக்கக் கொசுவலைத் துண்டு ஒட்டுங்கள். கீழ் மூடிக்குச் சால்வென்ட் சிமெண்ட் போடாதீர்கள். திறந்து சிலிக்கா ஜெல் மாற்ற வேண்டுமே, திருகாணி போதும்.

6. சோதனை. காலிக் கூட்டுக்குள் டிஷ்யூ பேப்பர் வைத்து, ஹோஸ் பைப்பால் கால் மணி நேரம் எல்லாப் பக்கமும் பீய்ச்சுங்கள். பேப்பர் காய்ந்திருந்தால் எலக்ட்ரானிக்ஸை ஏற்றலாம். அப்புறம் குழாயை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து வெள்ளைப் பெயின்ட் அடியுங்கள். பை 80 டிகிரியைத் தொட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் வெள்ளை நிறம் பெரிய உதவி.

அரைக்கோளத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கக் கூடாது, அக்ரிலிக்கில் மயிரிழை விரிசல் விழும். சோப்புத் தண்ணீரும் பழைய பருத்தித் துணியும் போதும். வெயிலில் அது மங்கத் தொடங்கியதும் மாற்றிவிடுங்கள்.