அயர்ன் ரேஞ்சரா, மாக் டோவா? வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிகாகோவில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் என் சித்தி பையன் போன மாதம் இரண்டு படங்கள் அனுப்பினான். இரண்டுமே ரெட் விங் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பூட்ஸ். ஒன்று அயர்ன் ரேஞ்சர், இன்னொன்று மாக் டோ. "அண்ணா, எது வாங்கலாம்? ஒண்ணுக்குத்தான் காசு இருக்கு" என்று கேட்டிருந்தான். இரண்டையும் முன்னாலிருந்து எடுத்திருந்தான். "திருப்பிப் போட்டு அடியைப் படம் எடுத்து அனுப்புடா" என்று பதில் போட்டேன்.

இந்த இரண்டு பூட்ஸையும் ஒப்பிடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மூக்கைத்தான் பார்க்கிறார்கள். ஒன்றில் தொப்பி போட்ட மாதிரி தோல் இருக்கும், மற்றதில் மேலே சுற்றி வரும் தையல் இருக்கும். எது அழகு என்று பார்த்து முடிவெடுத்துவிடுகிறார்கள். ஆனால் போட்டு நடக்கும்போது உங்களுக்குத் தெரியப்போகும் வித்தியாசம் மேலே இல்லை. அடியிலும், பூட்ஸை எந்த அச்சின் மேல் இழுத்துத் தைத்தார்கள் என்பதிலும்தான் இருக்கிறது. ஜோடி 300 டாலருக்கு மேல் போகிற பொருள் இது. தப்பாக வாங்கினால் அலமாரியில்தான் கிடக்கும்.

முதலில் இரண்டும் எங்கிருந்து வந்தவை என்று பார்த்துவிடலாம். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் ரெட் விங் என்று ஒரு சிறிய ஊர் இருக்கிறது. டக்கோட்டா பழங்குடித் தலைவர் ஒருவரின் பெயர்தான் ஊருக்கு வந்தது. அங்கே 1905-இல் சார்லஸ் பெக்மன் என்ற செருப்புக் கடைக்காரர் தொடங்கிய நிறுவனம்தான் ரெட் விங் ஷூ கம்பெனி. தோலும் அதே ஊரில்தான் பதமாகிறது. எஸ்.பி. ஃபுட் என்ற அந்தத் தோல் பதனிடும் ஆலை 1872-இல் தொடங்கியது, இப்போது ரெட் விங்குக்கே சொந்தம். (அந்தப் பக்கம் போனால் மெயின் தெருவில் இருக்கும் கடைக்குள் எட்டிப் பாருங்கள். 16 அடி உயரத்தில் ஒரு பூட்ஸ் நிற்கிறது. சைஸ் 638½. குழந்தைகளைக் கூட்டிப்போனால் அந்த இடத்தை விட்டு நகரமாட்டார்கள்.)

அயர்ன் ரேஞ்சர் என்ற பெயர் அதே மாநிலத்தின் வடக்கே இருக்கும் இரும்புச் சுரங்கப் பகுதியிலிருந்து வந்தது. மெசாபி மலைத்தொடரை ஒட்டிய அந்தப் பகுதியை அயர்ன் ரேஞ்ச் என்பார்கள். மாக் டோவின் கதை வேறு. மொக்காசின் என்ற அமெரிக்கப் பழங்குடிக் காலணியில் வருகிற தையல்தான் அதன் அடையாளம். ரெட் விங் 1952-இல் 877 என்ற எண்ணில் கொண்டுவந்த எட்டு அங்குல உயர பூட்ஸ் வேட்டைக்குப் போகிறவர்களுக்காகச் செய்யப்பட்டது. செங்காவி நிறத் தோலைப் பார்த்து, அதே நிறத்தில் இருக்கும் வேட்டை நாயின் பெயரான ஐரிஷ் செட்டர் என்பதையே அதற்கு வைத்தார்கள். அப்புறம் கட்டடத் தொழிலாளர்கள் அதைத் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டார்கள்.

முதல் தவறு கொஞ்சம் ஆபத்தானது என்பதால் அதை முதலில் சொல்கிறேன். அயர்ன் ரேஞ்சரின் மூக்கில் இருக்கும் தொப்பிக்குள் இரும்பு கிடையாது. தோல் மேல் இன்னொரு தோல், அவ்வளவுதான். பெயரில் இரும்பு இருப்பதாலும், தட்டிப் பார்த்தால் கெட்டியாக இருப்பதாலும் பலர் இதைத் தொழிற்சாலைக்குப் போடும் பாதுகாப்பு பூட்ஸ் என்று நினைத்துவிடுகிறார்கள். மாக் டோவிலும் இரும்பு கிடையாது. கனமான பொருள் காலில் விழக்கூடிய இடத்தில் வேலை என்றால் ஏஎஸ்டிஎம் எஃப்2413 என்ற தரக்குறியீடு உள்ளே அச்சிட்ட பூட்ஸ்தான் வேண்டும். அது தனி ரகம். இந்த இரண்டையும் போட்டுக்கொண்டு அந்த மாதிரி இடத்துக்குப் போகவே போகாதீர்கள்.

சரி, அடிக்கு வருவோம். மாக் டோவைத் திருப்பினால் வெள்ளை நிறத்தில், கிரேப் ரப்பர் போன்ற தோற்றத்தில், முன்னாலிருந்து பின்னால் வரை ஒரே துண்டாக ஒரு அடி இருக்கும். தனியாகக் குதிகால் கட்டை கிடையாது. அயர்ன் ரேஞ்சரில் மெல்லிய அடியும், அதற்குப் பின்னால் தனியாக அடுக்கிய குதிகாலும் இருக்கும். இதில்தான் இரண்டின் குணமும் அடங்கியிருக்கிறது. நாள் முழுவதும் கான்கிரீட் தரையில் நிற்கிறவருக்கு வெள்ளை அடி சொகுசு. பாதம் முழுவதும் சமமாகத் தரையில் படும், அதிர்வு குறையும். இரும்புச் சட்டங்களின் மேல் நடந்து வேலை செய்கிறவர்கள் இந்தத் தட்டையான அடியை விரும்புவதற்குக் காரணம், எதிலும் மாட்டிக்கொள்ள விளிம்பு இல்லை என்பதுதான். ஏணியில் அடிக்கடி ஏறி இறங்குகிறவருக்கு நிலைமை தலைகீழ். படிக்கம்பியில் மாட்டி நிற்க அவருக்குக் குதிகால் வேண்டும். கடையின் கம்பளத்தில் நாலு அடி நடந்து பார்த்தால் இது எதுவும் தெரியாது. உங்கள் நாளில் எட்டு மணி நேரம் எந்தத் தரையில் போகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

வெள்ளை அடி அழுக்காகும். அதைத் தடுக்க முடியாது. அது உறுத்தும் என்றால் மாக் டோ உங்களுக்கு இல்லை. தேய்மானமும் அதற்குத்தான் அதிகம், மென்மைக்குக் கொடுக்கும் விலை அது.

பழைய ஜோடி வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இப்போது வரும் அயர்ன் ரேஞ்சரில் சின்னச் சின்ன முட்டுகள் உள்ள, விப்ரம் என்ற நிறுவனத்தின் ரப்பர் அடி இருக்கிறது. முன்பு வந்தவற்றில் கார்க் கலந்த வழவழப்பான அடி இருந்தது. பார்க்க அது அழகுதான், ஆனால் ஈரமான டைல்ஸில் வழுக்கும். படத்தில் மேல்பக்கம் மட்டும் காட்டி விற்றால் அடியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

இனி சைஸ். அதிகப் பேர் காசை விடுவது இங்கேதான், நானும் விட்டேன். எனக்கு ஓடும் ஷூ அமெரிக்க அளவில் 10. அதே 10-ஐ அயர்ன் ரேஞ்சரில் வாங்கினேன். வந்த அன்று விரல்களுக்கு நிறைய இடம், சொகுசாக இருக்கிறது என்று நினைத்தேன். இரண்டு வாரம் கழித்து ஒவ்வொரு அடிக்கும் குதிகால் அரை அங்குலம் மேலே எழும்பியது. பூட்ஸ் மடிய வேண்டிய இடமும் என் பாதம் மடியும் இடமும் ஒன்றாக இல்லை. தொப்பியின் விளிம்பு மடிந்து பெருவிரலின் மேல் கோடு போட்டது. தடிமனான சாக்ஸ் போட்டேன், உள்ளே இன்னொரு அட்டை வைத்தேன். எதுவும் சரிவரவில்லை. எனக்குச் சரியான அளவு 9 என்று அப்புறம்தான் தெரிந்தது.

காரணம் எளிது. பூட்ஸின் தோலை ஒரு கால் வடிவ அச்சின் மேல் இழுத்துத்தான் தைக்கிறார்கள். அதற்கு லாஸ்ட் என்று பெயர். அயர்ன் ரேஞ்சருக்கு 8-ஆம் எண் லாஸ்ட், மாக் டோவுக்கு 23-ஆம் எண். இரண்டும் ஒரே வடிவம் இல்லை. அதனால் ஒன்றில் சரியாக இருக்கும் எண் மற்றதில் சரியாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளவே கூடாது. ஓடும் ஷூவின் எண்ணோ இரண்டுக்கும் சம்பந்தமில்லாதது, ஏனென்றால் அந்த ஷூக்களை உண்மையான பாத அளவைவிட அரையோ ஒன்றோ கூட்டித்தான் நாம் போட்டுப் பழகியிருக்கிறோம்.

கடையில் பிரானக் என்ற உலோக அளவுகோல் இருக்கும். நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில், செருப்புக் கடைக்காரரின் மகனான சார்லஸ் பிரானக் 1920-களில் கண்டுபிடித்தது. அதில் நின்றுகொண்டு அளக்க வேண்டும், உட்கார்ந்து அல்ல. மாலையில் அளந்தால் இன்னும் நல்லது, பகல் முழுக்க நடந்த பாதம் கொஞ்சம் உப்பியிருக்கும். இரண்டு காலையும் அளக்கச் சொல்லுங்கள். மூன்று அளவுகள் வேண்டும்: குதிகாலிலிருந்து விரல் நுனி வரை, குதிகாலிலிருந்து பெருவிரல் அடிமூட்டு வரை, அப்புறம் அகலம். பலர் முதல் அளவோடு நிறுத்திவிடுகிறார்கள். பூட்ஸ் மடியும் இடத்தைத் தீர்மானிப்பது இரண்டாவது அளவு. முதல் இரண்டு அளவில் எது பெரியதோ அதுதான் உங்கள் எண். அதிலிருந்து அயர்ன் ரேஞ்சருக்குப் பெரும்பாலானோர் அரை எண் குறைக்க வேண்டியிருக்கும். மாக் டோவில் சிலருக்கு அளந்த எண்ணே சரியாக இருக்கும், சிலருக்கு அரை குறையும். போட்டுப் பார்க்காமல் சொல்ல முடியாது.

ஊரிலிருந்து யாராவது வாங்கி வரச் சொன்னால் இன்னொரு குழப்பம் சேர்ந்துகொள்ளும். இந்தியாவில் நாம் சொல்வது பிரிட்டிஷ் எண். பிரிட்டிஷ் 8 என்றால் ஆண்களுக்கு அமெரிக்க அளவில் ஏறக்குறைய 9. "எனக்கு எட்டு" என்று சொன்னவருக்கு அமெரிக்க 8 வாங்கிப்போய்க் கொடுத்தால் கால் நுழையாது.

அகலத்தை விட்டுவிடாதீர்கள். டி என்பது ஆண்களுக்குச் சாதாரண அகலம், டபுள் ஈ என்றால் அகலம் கூடியது. நம் ஆட்களில் சிறு வயதில் செருப்பு மட்டுமே போட்டு வளர்ந்த பலருக்குப் பாதத்தின் முன்பக்கம் விரிந்திருக்கும். டி இறுக்குகிறது என்று ஒரு எண் பெரிதாக வாங்குவது தவறு. அகலம் போதாமையை நீளத்தால் ஈடுகட்டினால் எனக்கு வந்த அதே மடிப்புத் தொல்லை வரும். அதே எண்ணில் டபுள் ஈ கேளுங்கள்.

அடுத்தது, "போடப் போடச் சரியாகிவிடும்" என்ற நம்பிக்கை. பாதி உண்மை. தடித்த தோல் முதல் சில வாரங்கள் விறைப்பாகத்தான் இருக்கும். கணுக்காலில் உரசும், குதிகால் லேசாக எழும்பும். அடி வளையப் பழகியதும் அது அடங்கிவிடும். உள்ளே இருக்கும் தோல் அட்டையும் அதன் கீழ் இருக்கும் கார்க்கும் உங்கள் பாதத்துக்கு ஏற்றபடி அமுங்கும். ஆனால் தோல் அகலத்தில்தான் கொஞ்சம் விடும், நீளத்தில் விடாது. விரல் நுனி முட்டினால் எத்தனை மாதமானாலும் முட்டும். சுண்டுவிரல் ஓரம் எரிச்சலெடுத்து மரத்துப்போவதும் பழக்கத்தால் தீராது. மாக் டோவின் சுற்றுத் தையல் சில பேருக்கு அந்தச் சுண்டுவிரல் மேலேயே வந்து உட்காரும். முதல் சில நாட்கள் வீட்டுக்குள் மட்டும், சுத்தமான தரையில் போட்டுப் பாருங்கள். அடி தேயாமல் இருந்தால்தான் மாற்றிக் கொடுப்பார்கள்.

எண்ணெய் விஷயத்தில் அன்பு அதிகமாகிவிடக் கூடாது. வாங்கி வந்த அன்றே மிங்க் ஆயில் என்ற தோல் எண்ணெயைப் பூசி ஊறவைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆலையிலேயே எண்ணெயும் மெழுகும் ஏற்றிய தோல் இது, புதிதில் அதற்குப் பசியே இல்லை. பூசினால் நிறம் கறுக்கும், அயர்ன் ரேஞ்சரின் ஆம்பர் நிறத்தில் இது பளிச்சென்று தெரியும். கறுத்தது திரும்பாது. வாரம் ஒருமுறை குதிரைமுடி பிரஷ்ஷால் தூசியைத் தட்டினால் போதும். தோல் வறண்டு வெளிறத் தொடங்கும்போது மட்டும் கொஞ்சமாகத் தோலுக்கான கண்டிஷனர். தினமும் ஒரே ஜோடியைப் போடாமல் ஒருநாள் ஓய்வு கொடுங்கள், உள்ளே இறங்கிய வியர்வை காயட்டும்.

இரண்டுமே தண்ணீர் புகாத பூட்ஸ் அல்ல. நனைந்தால் செய்தித்தாளைத் திணித்து நிழலில் காயவையுங்கள், ஹீட்டர் பக்கத்தில் வைத்தால் தோல் வெடிக்கும். பனிக்கட்டித் தரைக்கும் இரண்டும் ஆகாது, அதிலும் வெள்ளை அடி மோசம். சாலையில் கொட்டும் உப்பு தோலில் வெள்ளைக் கோடாகப் படிந்தால், வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துணியால் துடைத்துவிடலாம்.

கடைசியாக, அடி மாற்றுவது. "தையல் போட்ட அடி, ஆயுசுக்கும் வரும்" என்று சொல்லி விற்பார்கள். வரும், நேரத்துக்குக் கொண்டுபோனால். என் மாக் டோவை முதல்முறை அடி மாற்றக் கொடுத்தபோது பழுதுபார்ப்பவர் என் கண்முன்னாலேயே பிரித்தார். வெள்ளை அடியை இடுக்கியால் பிடித்து இழுத்தார், பசை விட்டு ஒரு நீளமான முனகலோடு வந்தது. அதன் மேல் இருந்த நடு அட்டையின் தையலை அறுத்தார். உள்ளே கார்க் கறுத்து, உதிர்ந்து, ஐந்து விரலும் குதிகாலும் பள்ளம் விழுந்து தெரிந்தன. என் பாதத்தின் அச்சு அது. பூட்ஸைச் சுற்றி ஓடும் மெல்லிய பட்டையைக் காட்டி, "இது நல்லா இருக்கு, அதனால் பிழைச்சுது" என்றார். அந்தப் பட்டைக்கு வெல்ட் என்று பெயர். மேல்தோல் ஒரு தையலால் பட்டையோடு சேர்ந்திருக்கும், பட்டை இன்னொரு தையலால் அடியோடு சேர்ந்திருக்கும். 1870-களில் வந்த குட்இயர் வெல்ட் முறை இது. அடி மாற்றும்போது இரண்டாவது தையலை மட்டும் அறுக்கிறார்கள், மேல்தோலைத் தொடுவதே இல்லை. குதிகால் ஓரம் தேய்ந்து நடு அட்டையும் பட்டையும் தரையில் உரசும் வரை போட்டுவிட்டால் பட்டையையும் மாற்ற வேண்டிவரும், செலவு ஏறிவிடும்.

வாங்கும்போது யாரும் யோசிக்காத வித்தியாசம் இதில் ஒன்று உண்டு. நம்மில் பலருக்குக் குதிகாலின் வெளி ஓரம்தான் முதலில் தேயும். அயர்ன் ரேஞ்சரில் அந்தக் குதிகால் துண்டை மட்டும் சின்னச் செலவில் மாற்றிக்கொள்ளலாம். மாக் டோவில் ஓரம் தேய்ந்தாலும் முழு அடியையும் கழற்றத்தான் வேண்டும்.

சித்தி பையன் வேலை செய்யும் இடத்தில் கான்கிரீட் தரை, நாளெல்லாம் கிடங்கில் நின்றுகொண்டே வேலை, ஏணி கிடையாது. குளிர்காலத்துக்குத் தனியாக பூட்ஸ் வைத்திருக்கிறான். போன சனிக்கிழமை கடைக்குப் போய் அளந்தான், 9 வந்தது, அகலம் டபுள் ஈ. மாக் டோவில் எட்டரையும் ஒன்பதும் போட்டு அரைமணி நேரம் நடந்துவிட்டு ஒன்பதை எடுத்துக்கொண்டான். இந்த வாரம் முழுக்க வீட்டுக்குள் போட்டுக்கொண்டு நடக்கிறானாம். சுண்டுவிரல் எப்படி இருக்கிறது என்று ஞாயிற்றுக்கிழமை கேட்க வேண்டும்.