மலைச்சரிவில் வெயில் காலப் பூந்தோட்டம்: மண்ணைப் போர்த்தி வளர்க்கும் முறை

இலங்கை மலையகத்தின் மேற்குச் சரிவில் வெயில் காலம் சித்திரையில் வருவதில்லை. ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையில், சுமார் 4,000 அடி உயரத்தில் இருக்கும் எங்கள் பக்கத்தில் தை பிறந்ததும் வானம் வெளுத்துவிடுகிறது. இரவில் பனி கொட்டுகிறது, பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கிறது, பங்குனி நடுவில் பிற்பகல் இடிமழை தொடங்கும் வரை மண் நாளுக்கு நாள் காய்ந்துகொண்டே போகிறது. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வீட்டின் வாசலில் இரண்டு பூப்பாத்திகளையும் பின்புறச் சரிவில் மூன்று மரக்கறிப் பாத்திகளையும் மூன்று ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். முதல் இரண்டு ஆண்டுகளில் இந்த வெயில் காய்ச்சலில் பாதிச் செடிகளை இழந்தேன். இந்த ஆண்டு சித்திரைப் புத்தாண்டன்று வாசல் நிறையப் பூ இருந்தது. இடையில் நான் மாற்றிக்கொண்டவற்றை, வீட்டுக்கு முன்னால் கொஞ்சம் நிலம் வைத்திருக்கும் எவரும் செய்யக்கூடிய விதத்தில் இங்கே எழுதுகிறேன். பண்டாரவளை, வெலிமடை, பதுளைப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு வடகீழ்ப் பருவமழை ஆண்டின் இறுதியில் பெய்து, காய்ச்சல் ஜூன் முதல் செப்டம்பர் வரை வருவதால், அவர்கள் நான் சொல்லும் மாதங்களைத் தங்கள் காலத்துக்கேற்ப நகர்த்திக்கொள்ள வேண்டும்.

முதலில் பாத்தி. சரிவில் பாத்தி போடும்போது அதன் நீளம் சரிவுக்குக் குறுக்காக இருக்க வேண்டும். மேலிருந்து கீழாகப் போட்டால் முதல் மழையிலேயே மேல்மண் கீழ் வீட்டு வாசலுக்குப் போய்விடும். அகலம் மூன்று அடிக்கு மேல் வேண்டாம், ஏனென்றால் இரு பக்கமும் நின்றபடியே நடுப்பகுதிக்குக் கை எட்டினால்தான் பாத்திக்குள் காலை வைத்து மண்ணை மிதித்து இறுக்காமல் வேலை செய்ய முடியும். பாத்திக்கு மேற்புறமாக ஓர் அடி அகலத்தில் கான் (நீர் ஓடும் வாய்க்கால்) வெட்டி, தேயிலை மலைகளில் செய்வதைப் போலவே இடையிடையே சிறு மண் தடுப்புகளை விட்டுவிட வேண்டும். ஓடி வரும் நீர் அந்தத் தடுப்புகளில் நின்று, தான் கொண்டுவந்த மண்ணைக் கானுக்குள்ளேயே படியவிட்டுத்தான் அப்பால் செல்லும். மழை விட்டதும் அந்த வண்டலை மம்பட்டியால் அள்ளித் திரும்பவும் பாத்தியில் போடுவது எனக்கு வழக்கமாகிவிட்டது. நல்ல மண்ணை விலை கொடுத்து வாங்குகிறவர்கள் முதலில் தங்கள் கானைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

நம்முடைய மண் புளிப்பு மண். தேயிலைக்கு அது மிகவும் ஏற்றது, ஆனால் பீட்ரூட், கோவா, லீக்ஸ் போன்றவற்றுக்கும் பெரும்பாலான பூச்செடிகளுக்கும் அமிலம் குறைந்த மண் வேண்டும். அதற்காகத்தான் டொலமைட் என்ற சுண்ணக்கல் தூளைப் போடுகிறோம். நான் ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 200 கிராம் என்ற அளவில் தூவி, மண்ணோடு நன்றாகக் கலந்து, இரண்டு மூன்று வாரங்கள் கழித்தே நடுகிறேன். மாட்டெருவையும் டொலமைட்டையும் ஒரே நாளில் போடக் கூடாது, ஏனென்றால் எருவில் உள்ள தழைச்சத்தில் ஒரு பகுதி வாயுவாக மாறி வீணாகிவிடும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஹைட்ரேஞ்சியா இருக்கும் பக்கத்துக்கு டொலமைட்டைக் கொண்டுபோகாதீர்கள். பங்களா வேலிகளிலும் பாதையோரங்களிலும் நாம் பார்க்கும் அந்த நீலம் புளிப்பு மண்ணின் நிறம். அமிலம் மிகுந்த மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைப்பதால்தான் பூ நீலமாகிறது, அமிலம் குறைந்தால் அதே செடி இளஞ்சிவப்பாகப் பூக்கும். நான் மேற்பாத்தியில் போட்ட டொலமைட் மழையில் கீழே இறங்கியதால், என் வாசல் மூலையில் இருந்த செடி மறு ஆண்டு நீலமும் இல்லாமல் சிவப்பும் இல்லாமல் மங்கிய ஊதாவாகப் பூத்தது. இப்போது அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கான் இருக்கிறது.

உரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 2021 ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது வீட்டுத்தோட்டம் வைத்திருந்த எங்களில் பலரும் முதன்முறையாகக் கூட்டெருவின் பக்கம் திரும்பினோம். தடை அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே தளர்த்தப்பட்டது, ஆனால் நான் கூட்டெருவை விடவில்லை. மூன்று அடிக்கு மூன்று அடி இடத்தில் முதலில் குச்சிகளைப் பரப்பி, அதன்மேல் காய்ந்த புல், அடுப்படிக் கழிவு, பச்சை இலை, ஒரு சட்டி மாட்டுச்சாணம், ஒரு பிடி பழைய மண் என்று அடுக்கடுக்காக மூன்று அடி உயரம் வரை போட்டு, மழை நேராக விழாமல் பழைய தகரத்தால் மூடி வைக்கிறேன். பச்சை இலைக்கு மிகச் சிறந்தது வீதியோரங்களில் மஞ்சளாகப் பூத்து நிற்கும் காட்டுச் சூரியகாந்தி. அதன் இலையும் இளந்தண்டும் மிக விரைவாக மக்கிச் சத்தாகிவிடும். விதை முற்றுவதற்கு முன் வெட்டிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அது உங்கள் பாத்தியிலேயே முளைக்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை குவியலைப் புரட்ட வேண்டும். கையை உள்ளே விட்டால் சூடு தெரிய வேண்டும், பிடித்துப் பிழிந்தால் கை ஈரமாக வேண்டுமே தவிர நீர் சொட்டக் கூடாது. குளிர் காரணமாக இங்கே கூட்டெரு முதிர எனக்கு நான்கு மாதம் எடுக்கிறது. ஆகவே தை நடவுக்கு வேண்டிய குவியலைப் புரட்டாசிக்கு முன்பே போட்டாக வேண்டும்.

நாற்றுகளை மார்கழியில் தவறணையில் (நாற்று வளர்க்கும் இடத்தில்) போடலாம். செண்டுப்பூ, லீக்ஸ், கோவா ஆகியவற்றுக்கு மண், மணல், சலித்த கூட்டெரு மூன்றையும் சம அளவில் கலந்த பெட்டி போதும். கரட்டை மட்டும் நேரடியாகப் பாத்தியில் விதைக்க வேண்டும், பிடுங்கி நட்டால் கிழங்கு கோணிப் பிளந்துவிடும். அதன் விதை மிகச் சிறியது என்பதால் உலர்ந்த மணலோடு கலந்து கோட்டில் தூவி, இரண்டு வாரம் வரை முளைக்காவிட்டாலும் பொறுமையாக ஈரத்தைக் காத்து, முளைத்த பின் இரண்டு அங்குலத்துக்கு ஒன்று என்ற கணக்கில் களைந்துவிட வேண்டும். களைந்த நாற்றை எறிவதற்கு மனம் வருவதில்லை என்பது உண்மைதான், ஆனாலும் நெருக்கமாக விட்டால் கிடைப்பது வெறும் வேர்தான்.

டேலியாதான் என் வாசலின் அரசி, அதனால் அதற்குத் தனியாக நேரம் கொடுக்கிறேன். கிழங்கைப் பிரிக்கும்போது ஒவ்வொரு துண்டிலும் பழைய தண்டின் அடிப்பகுதி ஒட்டியிருக்கிறதா, அதில் முளைக்கண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கண் கிழங்கின் உடம்பில் இல்லை, கழுத்தில்தான் இருக்கும். குழியில் முதலில் ஊன்றுகோலை நட்டு, அதன் பிறகே கிழங்கைப் படுக்கவைத்து நான்கு அங்குல மண்ணால் மூட வேண்டும், ஏனென்றால் பின்னால் கோல் குத்தினால் அது கிழங்கைத் துளைத்துவிடும். முளை மண்ணுக்கு மேல் தெரியும் வரை தண்ணீர் ஊற்றக் கூடாது, ஊற்றினால் அழுகும். நான்கு சோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் செடி பக்கக் கிளை விட்டு அடர்த்தியாகும். பெரிய பூ வேண்டுமென்றால், ஒவ்வொரு கிளை நுனியிலும் மூன்று மூன்றாக வரும் மொட்டுகளில் நடு மொட்டை மட்டும் விட்டு இரு பக்க மொட்டுகளையும் பயறளவு இருக்கும்போதே கிள்ள வேண்டும். தை முதல் வாரத்தில் நட்ட கிழங்கு எனக்குச் சித்திரை பிறக்கும் நேரத்தில் பூத்தது.

ரோஜாவுக்குக் கவ்வாத்து மாசி முதல் வாரத்தில். வெட்டிய கிளை தளிர்த்துப் பூப்பதற்கு ஏழு, எட்டு வாரம் எடுப்பதால் புத்தாண்டுக்குப் பூ வேண்டுமென்றால் அதற்குப் பிந்தக் கூடாது. வெளிப்புறம் பார்த்த மொட்டுக்குக் கால் அங்குலம் மேலே, மொட்டுக்கு எதிர்ப்புறமாக நீர் வழியும்படி சாய்வாக வெட்ட வேண்டும். ஜெரேனியம் இன்னும் எளிது: நான்கு அங்குலத் தண்டை வெட்டி, வெட்டுவாய் காய ஒரு நாள் நிழலில் வைத்து, மணலில் குத்தினால் பெரும்பாலும் வேர்விடும். பால்மா டின்னில் வைப்பவர்கள் அடியில் ஆணியால் ஐந்தாறு துளை போட மறக்க வேண்டாம்.

இனி, இந்த ஆண்டு எல்லாவற்றையும் மாற்றிய விடயத்துக்கு வருகிறேன். மாசியில் நாங்கள் நீர் பிடிக்கும் பீலியில் தண்ணீர் நூலாகத்தான் விழும். சென்ற ஆண்டு நான் தினமும் மாலையில் இரண்டு வாளி நீரைச் சுமந்து எல்லாப் பாத்திகளிலும் தெளித்தேன், ஆனாலும் செடிகள் வாடின. முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டு, “தண்ணிய ஊத்தி என்னா தம்பி செய்ய? மொதல்ல மண்ண மூடு” என்றார். பிறகு அவரே குனிந்து பாத்தியில் விரலை விட்டுக் காட்டினார். மேலே கால் அங்குலம் கறுப்பாக நனைந்திருந்தது. அதற்குக் கீழே மண் சாம்பலைப் போல் உதிர்ந்தது. நான் சுமந்த தண்ணீர் வேருக்குப் போகவே இல்லை, மறுநாள் வெயிலுக்குத்தான் போயிருந்தது.

இந்த ஆண்டு தை மாதத்திலேயே, மண்ணில் ஈரம் இருக்கும்போதே, மானாப்புல்லை வெட்டி ஒரு சாண் துண்டுகளாக்கி எல்லாப் பாத்திகளிலும் மூன்று அங்குலக் கனத்துக்குப் பரப்பினேன். காய்ந்த மண்ணை மூடினால் காய்ச்சலைத்தான் மூடி வைப்போம்; ஆகவே மூடும் முன் பாத்தியை ஒரு முறை ஆழமாக நனைத்துக்கொள்ள வேண்டும். புல் செடியின் தண்டைத் தொடாமல் நான்கு விரல் இடைவெளி விட வேண்டும். அதன் பிறகு தினமும் தெளிப்பதை நிறுத்தி, வாரத்துக்கு இரண்டு முறை மட்டும், அதிகாலையில், ஒவ்வொரு செடியின் அடியிலும் மெதுவாக, நீர் இறங்க இறங்க ஊற்றினேன். ஊற்ற வேண்டுமா என்பதை இலையைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஹைட்ரேஞ்சியாவின் இலை நண்பகல் வெயிலில் துணி போல் தொங்கும், மாலையானதும் தானாக நிமிர்ந்துவிடும். புல்லை விலக்கி நடுவிரலின் இரண்டாம் கணு வரை மண்ணில் விட்டு, நுனியில் குளிர்ச்சி தெரியாவிட்டால் மட்டும் ஊற்றலாம். அரிசி கழுவிய நீர், மரக்கறி கழுவிய நீர் ஆகியவற்றையும் தோட்டத்துக்கே கொடுக்கலாம். மாசிக் கடைசியில் புல்லைத் தூக்கிப் பார்த்தபோது அடியில் மண் கறுத்து, ஈரமாக, மண்புழு ஓடிய சிறு துளைகளோடு இருந்தது.

நுவரெலியாவைப் போன்ற உயர்ந்த இடங்களில் தை, மாசி இரவுகளில் உறைபனி விழுந்து இலை கருகுவது உண்டு. அங்கே இருப்பவர்கள் மாலையிலேயே இளஞ்செடிகளைச் சாக்கு அல்லது புல் கொண்டு மூடி, வெயில் ஏறியதும் எடுத்துவிட வேண்டும். குளிர்ந்த காற்று பள்ளத்தில் தேங்குவதால், பாத்தி போடும் முன்னரே பள்ளத்தைத் தவிர்ப்பது நல்லது.

பூச்சிகளில் எனக்கு அதிகம் தொல்லை கொடுத்தது வெட்டுப்புழு. காலையில் ஒரு நாற்று அடியோடு அறுந்து பாத்தியில் சாய்ந்து கிடந்தால், அந்த இடத்தைச் சுற்றி ஓர் அங்குல ஆழத்துக்கு மண்ணைக் கிளறுங்கள். சாம்பல் நிறத்தில் வட்டமாகச் சுருண்டு அது அங்கேயே படுத்திருக்கும். கடதாசியை வளையமாகச் சுற்றி நாற்றைச் சூழப் பாதி மண்ணுக்குள் புதைத்து வைத்தால் அடுத்த நாற்று தப்பும். இளந்தளிரில் அப்பியிருக்கும் அழுக்கணவனை (அசுவினிப் பூச்சியை) நீரைப் பீய்ச்சியடித்தே பெரும்பாலும் அகற்றிவிடலாம், அதிகமானால் மெல்லிய சவர்க்காரக் கரைசல் தெளிக்கலாம். காட்டுப்பன்றிக்கு உறுதியான வேலியைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

பங்குனியில் முதல் இடிமழை விழுந்ததும் வேலை தலைகீழாக மாறுகிறது. அதுவரை செடியைக் காத்த புல்லுக்கு அடியில் இப்போது ஓடில்லா நத்தைகள் குடியேறும், ஆகவே புல்லைத் தண்டிலிருந்து இன்னும் ஒரு சாண் விலக்கி, இரவில் டோர்ச் வெளிச்சத்தில் நத்தைகளைப் பொறுக்க வேண்டும். சாம்பல் தூவுவது அது நனையும் வரைதான் பயன்படும். டேலியாவைக் கோலோடு எட்டு வடிவத்தில் தளர்வாகக் கட்டவும், கானில் அடைத்திருப்பதை அள்ளவும் இதுதான் நேரம். செண்டுப்பூ இந்த ஆண்டு மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு மூன்று கூடை கிடைத்தது. பறிக்கப் பறிக்கச் செடி மீண்டும் மொட்டு விடுகிறது, ஆனால் விதைக்காக ஒவ்வொரு நிறத்திலும் இரண்டு பூவையாவது செடியிலேயே காயவிட்டேன்.

வைகாசி நடுவில் தென்மேல் பருவமழை இறங்குவதற்குள் டேலியாவைத் தோண்டிவிட வேண்டும், அந்த மழையில் கிழங்கு நிலத்திலேயே அழுகிவிடும். தண்டை ஆறு அங்குலம் விட்டு வெட்டி, ஓர் அடி தள்ளி மண் தோண்டும் இரும்பு முள்ளைக் குத்தி நெம்பி, கிழங்கின் கழுத்து முறியாமல் இரு கைகளாலும் தூக்கி, மண்ணை உதறி, தலைகீழாக இரண்டு நாள் நிழலில் உலர்த்துங்கள். பிறகு அடுப்புச் சாம்பலும் உலர்ந்த மணலும் கலந்த பெட்டியில், ஒன்றையொன்று தொடாமல் அடுக்கி வைக்கலாம். ஒவ்வொரு தண்டிலும் பூவின் நிறத்தை எழுதிய துணிக் கீற்று ஒன்றைக் கட்டியிருக்கிறேன். சிவப்பு ஏழு, மஞ்சள் நான்கு, வெள்ளை இரண்டு.