கட்டிலுக்குக் கீழே கிடக்கும் சப்பாத்து

புதுச் சப்பாத்து வாங்கியது ஒரு தை மாதம். பொங்கல் முடியட்டும், மழையும் விடட்டும் என்று நாள் பார்த்து, விடிய நாலே முக்காலுக்கு எழும்பி திருகோணமலை டச்பே கடற்கரையில் ஒரு மணித்தியாலம் நடப்பதாகத் திட்டம். ஒன்பது நாள் நடந்தேன். பத்தாம் நாள் மகளுக்குக் காய்ச்சல், பதினோராம் நாள் எனக்கு நித்திரை. சப்பாத்து இப்போது கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது, உள்ளே பல்லி முட்டை.

எனக்குச் சோம்பல் என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஆறரைக்குக் கண் விழிக்கிறவன் நாலே முக்காலுக்கு எழும்புவதே பெரிய பழக்கம். அதன் தலையில் நடையையும் ஏற்றினால் இரண்டும் சேர்ந்துதான் விழும். நாளில் இல்லாத ஒரு நேரத்தை உண்டாக்கப் பார்ப்பதுதான் எங்களில் பலர் விடுகிற முதல் பிழை. ஏற்கெனவே தவறாமல் நடக்கிற ஒன்றின் வாலில் கட்டிவிட்டால், புதுப் பழக்கம் அதோடு இழுபட்டு வரும்.

எங்கள் வீட்டில் தவறாமல் நடப்பது மகளின் டியூஷன். திங்கள், புதன், வெள்ளி, பின்னேரம் ஐந்திலிருந்து ஆறு வரை. பிள்ளையை இறக்கிவிட்டு, மோட்டச்சைக்கிளில் சாய்ந்தபடி போனை நோண்டிக்கொண்டு நிற்கிற தகப்பன்மாரில் நானும் ஒருவனாக இருந்தேன். இப்போது அந்த நேரத்தில், போட்டிருக்கிற செருப்போடேயே கடற்கரைப் பக்கம் நடக்கிறேன். நாளுக்கு ஐம்பது நிமிடம், மூன்று நாளில் நூற்றைம்பது. வளர்ந்தவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதன் முதற்படியில் கால் வைத்தாயிற்று. மிதமானது என்றால், நடந்தபடி கதைக்க முடியவேண்டும், பாட்டுப் படிக்க முடியக்கூடாது. கச்சான் கடலைச் சுருளோடு நின்று நின்று உலாவுவது இந்தக் கணக்கில் வராது.

போன் காட்டும் பத்தாயிரம் அடியைப் பார்த்து மனம் விட்டுப்போகிறவர்களுக்கு ஒரு செய்தி. 1965 இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றின் பெயரே ‘பத்தாயிரம் அடி மீற்றர்’. எண் அங்கிருந்து வந்தது, வைத்தியர் யாரும் அளந்து சொன்னதல்ல. 2019 இல் அமெரிக்காவில் வயதான பெண்களிடம் செய்த ஆய்வொன்றில், நாளுக்கு 2,700 அடி அளவில் நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு குறைந்திருந்தது. 7,500 அளவுக்கு மேல் அந்த நன்மை பெரிதாகக் கூடவில்லை.

இனிச் சீனி. திருகோணமலையில் ஒருவர் ஒரு நாளில் எத்தனை தேத்தண்ணி குடிக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். விடிய ஒன்று, கந்தோரில் பத்து மணிக்கு ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பிளேன்டீ, பின்னேரம் ஒன்று, யாராவது வீட்டுக்கு வந்தால் ஒன்று, நாங்கள் யார் வீட்டுக்காவது போனால் ஒன்று. ஆறு கோப்பை, கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி. மட்டமாக அள்ளிய ஒரு தேக்கரண்டி ஏறக்குறைய 4 கிராம் என்றால் 48 கிராம். 2,000 கலோரி சாப்பிடுகிற ஒருவருக்கு, சேர்க்கிற சீனி நாளுக்கு 50 கிராமைத் தாண்டக்கூடாது, 25க்குள் நின்றால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பணிசும் விசுக்கோத்தும் சோடாவும் வாசலுக்கு வருமுன்பே தேத்தண்ணி மட்டும் எல்லையைத் தொட்டுவிடுகிறது.

இதைக் கேட்டதும் எல்லோரும் செய்வது, நாளையிலிருந்து சீனியே இல்லை என்று சபதம் போடுவது. மூன்றாம் நாள் தேத்தண்ணி கசாயமாக இருக்கும், நாலாம் நாள் சபதம் போய்விடும். நான் இரண்டு கிழமைக்கு ஒரு முறை அரைக் கரண்டி குறைத்தேன். இரண்டு, ஒன்றரை, ஒன்று. இப்போது அரைக் கரண்டியில் நிற்கிறேன், இரண்டு போட்டுத் தந்தால் பாயாசம் குடித்த மாதிரி இருக்கிறது. நாக்குக்கு அவகாசம் கொடுத்தால் அது பழகிக்கொள்ளும். சபைக்குப் பழகத்தான் கஷ்டம். உவர்மலையில் ஒரு மாமி வீட்டில், “எனக்குச் சீனி குறைச்சுப் போடுங்கோ” என்றேன். கரண்டி அப்படியே நின்றது.

“ஏன் தம்பி, சீனி வருத்தமே?”

“இல்ல மாமி, வராமல் இருக்கத்தான்.”

நம்பவில்லை. போகும்போது என் மனைவியிடம் தனியாக விசாரித்தார்.

சீனிக்குப் பதில் பனங்கட்டி கடித்துக் குடித்தால் ஒன்றும் செய்யாது என்று நினைப்பதும் பிழை. பனங்கட்டியும் பெரும்பாலும் சீனிதான், நிறமும் மணமும் வேறு. சிவப்பரிசிக் கதையும் இதே. நல்ல அரிசிதானே என்று ஒரு அகப்பை கூடப் போட்டால் மாறியதில் என்ன பயன்? கோப்பையில் சோற்றை முதலில் போட்டால் அது நடுவில் மலையாகி, மரக்கறி கரையில் ஒதுங்கும். முதலில் வறையையும் சம்பலையும் பரப்பிவிட்டுச் சோற்றுக்குக் கையை நீட்டிப் பாருங்கள்.

வீட்டில் ஒருவருக்கு வருத்தம் என்றதும் அவருக்கு மட்டும் தனிச்சமையல் தொடங்குவது இன்னொன்று. மற்றவர்கள் பொரித்த சூடையும் கருவாட்டுக் குழம்புமாக இருக்க, அப்பாவுக்கு மட்டும் உப்பில்லாத பத்தியம். சமைக்கிறவருக்கும் இரட்டை வேலை. அப்பாவும் எத்தனை நாளைக்குப் பொறுப்பார்? பின்னேரம் சந்திக் கடையில் ரோல்ஸோடு நிற்பார். உப்பு நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவாக இருக்கவேண்டும் என்பது அவருக்கு மட்டுமல்ல, வளர்ந்தவர்கள் எல்லோருக்கும்தான். சட்டியிலேயே குறைத்துவிட்டால் தனிச்சட்டி தேவையில்லை.

விளையாட்டாக எடுக்கக்கூடாத இரண்டு விசயம். நடக்கிறோம்தானே என்று நீரிழிவுக் குளிசையையோ பிரஷர் குளிசையையோ தாங்களாகவே நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். குறைப்பதும் நிறுத்துவதும் வைத்தியரின் முடிவு. இன்சுலின் போடுகிறவர்கள் வெறுவயிற்றோடு வேகமாக நடந்தால் சீனி சடாரென்று இறங்கி மயக்கம் வரலாம். எப்போது, எதைச் சாப்பிட்டு நடப்பது என்று கிளினிக்கில் கேளுங்கள், சட்டைப்பையில் இரண்டு டொபி வைத்திருங்கள். மற்றது கால். நீரிழிவு நாட்பட்டால் பாதத்தின் உணர்வு மங்கும். கச்சான் காற்று அனலாக வீசுகிற மாதங்களில் உச்சிவெயிலில் கோணேசர் கோயிலுக்கு ஏறி வெறுங்காலோடு வீதி சுற்றினால், சுட்டது அப்போது தெரியாது, கொப்புளம் வந்தபிறகுதான் தெரியும். விடியப் போனால் கல்லும் குளிர்ந்திருக்கும், போகிற வழியில் கோட்டைக்குள் மான்களையும் பார்த்துக்கொண்டு ஏறலாம்.

இருபத்தொரு நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்ற பேச்சை நம்பி, இருபத்திரண்டாம் நாள் ஏமாறுகிறவர்களும் உண்டு. லண்டனில் 96 பேரிடம் செய்து 2010 இல் வெளியான ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமல் தானாக வருவதற்குச் சராசரியாக 66 நாள் எடுத்தது. சிலருக்கு 18, சிலருக்கு 254 நாள் வரை என்ற கணிப்பு. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிதாக ஒன்றும் கெடவில்லை என்பதும் அதில் இருந்தது. என் பத்தாம் நாள் காய்ச்சலை நான் தோல்வி என்று எடுத்திருக்கத் தேவையில்லை.

எங்கள் ஊருக்கு இந்த 66 இல் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆடியில் கூடாது, ஆவணியில் கலியாணவீடுகள் என்று தள்ளிப் புரட்டாதியில் தொடங்கினால், வேர் பிடிக்குமுன் ஐப்பசி மழை வந்துவிடும். மாரி தை வரைக்கும் விடாது. மழைக்கு என்ன செய்வது என்பதை வெயிலிலேயே யோசித்து வைக்காதவர்களின் நடை அதோடு சரி. நான் போன மாரியில் டியூஷன் நாட்களில் வீட்டு விறாந்தையில் நடந்தேன். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் பன்னிரண்டு அடி. அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: “என்னடா, குட்டி போட்ட பூனை மாதிரி அங்கயும் இஞ்சயும்?”