காட்டு ஆர்கிட்டை அடையாளம் காண: உதட்டைப் பாருங்கள்

நான் முதன்முதலில் ‘கண்டுபிடித்த’ காட்டு ஆர்கிட், ஆர்கிட்டே அல்ல. வால்பாறையில் தண்ணீர் வழியும் பாறையொன்றில் இளஞ்சிவப்புப் பூக்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் நீண்ட வால். நாற்பது படங்களோடு பெருமையாக வீடு திரும்பிப் பெரிதாக்கிப் பார்த்தால், காட்டுக் காசித்தும்பை! இலையை ஒரு தரம் பார்த்திருந்தாலே போதும். காசித்தும்பை இலையில் நரம்புகள் வலைபோல் பின்னியிருக்கும். ஆர்கிட் இலையில் பெரும்பாலும் அடியிலிருந்து நுனிவரை இணையாக ஓடும். அந்த வெட்கத்துக்குப் பிறகு பழகிக்கொண்ட வரிசை இது. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் ஏற்காடு, கொல்லிமலைக்கும் பொருந்தும்.

படி 1: எங்கே வளர்கிறது?

மரத்திலா, பாறையிலா, மண்ணிலா என்று குறிப்பேட்டில் முதல் வரியாக எழுதுங்கள். மரத்தில் இருந்தால் உடனே “புல்லுருவி” என்று சொல்லிவிடும் பழக்கம் நம் ஊரில் உண்டு. புல்லுருவி கிளைக்குள் வேரைச் செலுத்தி மரத்தின் சாற்றை உறிஞ்சும். ஆர்கிட் பட்டையைப் பற்றிக்கொண்டு மட்டுமே வாழும். இடம் கொடுத்த மரத்திடம் அது உணவு கேட்பதில்லை.

படி 2: வேரும் தண்டும்

பூ இல்லாத நாட்களே அதிகம் என்பதால் இதைப் பழகியே ஆகவேண்டும். மர ஆர்கிட்டின் தடித்த வேர் காய்ந்திருக்கும்போது வெள்ளி நிறமாக இருக்கும். மழை பட்டதும் பச்சையாகும். வெலாமன் என்னும் பஞ்சு போன்ற மேலுறை நீரை உறிஞ்சுவதால் வரும் மாற்றம் இது. அடுத்து, தண்டின் அடி கிழங்குபோல் பருத்திருக்கிறதா? அது பொய்க்குமிழ், வறண்ட மாதங்களுக்கான சேமிப்பு. சீலோஜைன் என்னும் ஆர்கிட் பேரினத்தில் (நெருங்கிய இனங்களின் தொகுப்பு) இது நன்றாகத் தெரியும், வாண்டா பேரினத்தில் இருக்காது. இலை பென்சில்போல் உருண்டிருந்தால் லூயிசியாவாக இருக்கலாம். இலைகள் தட்டையாக, பின்னிய சடைபோல் ஒன்றன்மேல் ஒன்று செருகியிருந்தால் ஒபெரோனியாவை நினையுங்கள்.

படி 3: உதடு

பூ கிடைத்துவிட்டதா? அவசரப்படாதீர்கள், இங்கேதான் நேரம் செலவிட வேண்டும். வெளியே மூன்று புல்லிதழ்கள், உள்ளே மூன்று அல்லிதழ்கள். உள்ளே உள்ள மூன்றில் ஒன்று மட்டும் நிறத்திலோ வடிவிலோ மற்ற இரண்டிலிருந்து விலகி நிற்கும். அதுதான் உதடு, பூச்சி வந்து இறங்கும் திண்ணை. அதற்கு எதிரே, பூவின் நடுவில், குட்டையான தூண் ஒன்று இருக்கும். மற்ற பெரும்பாலான பூக்களில் மகரந்தத் தாள் தனி, சூல்முடி தனி. ஆர்கிட்டில் இரண்டும் இணைந்து அந்த ஒரே தூணாகிவிட்டன. உதடும் தூணும் சேர்ந்து தெரிந்தால் அது ஆர்கிட் என்று துணிந்து எழுதலாம்.

இனி பூவின் பின்புறம். நாம் காம்பு என்று நினைப்பதில் ஒரு பகுதி உண்மையில் சூலகம். அதைக் கைக்கண்ணாடியில் பாருங்கள். பிழிந்த துணிபோல் முறுக்கு விழுந்திருக்கும். மொட்டில் மேலே இருக்கும் உதடு, பெரும்பாலான ஆர்கிட்களில் பூ மலர்வதற்குள் அரைச்சுற்றுத் திரும்பிக் கீழே வந்துவிடுகிறது. எனக்கு இந்தக் குடும்பத்தில் மிகப் பிடித்த விஷயம் இந்த முறுக்குதான்.

படி 4: வால் எத்தனை?

மழைக்காலத்தில் நீலகிரி, பழனி மலைப் புல்வெளிகளுக்குப் போகிறவர்களுக்கு இந்தப் படி மிகவும் உதவும். நெருக்கமான இளஞ்சிவப்புக் கதிர், ஒவ்வொரு பூவுக்கும் இரண்டு வால், உதடு மேலே முக்காடுபோல் கவிழ்ந்திருக்கிறது என்றால் சாட்டிரியம் நேபாலென்ஸ். இதில் சூலகம் முறுக்குவதில்லை, அதனால்தான் உதடு மேலேயே நிற்கிறது. வெள்ளைப் பூ, ஒரே வால், உதடு கீழே மூன்றாகப் பிரிந்திருக்கிறது என்றால் பெரும்பாலும் ஹெபனேரியா. வால் என்பது தேன்குழல். அதன் நீளத்தையும் அளந்து எழுதுங்கள், ஹெபனேரியா இனங்களைப் பிரிக்க அது வேண்டும்.

படி 5: பறிக்காமல் ஐந்து படங்கள்

முழுச் செடி, இலை நுனி, பூ நேராக, பூ பக்கவாட்டில், வளரும் இடம். அளவுக்கு ஒரு நாணயமோ ஸ்கேலோ அருகில் இருக்கட்டும். உச்சிக் கிளையில் இருந்தால் மரம் ஏற வேண்டாம், இருகண்நோக்கி (பைனாகுலர்) போதும். காற்றுக்கு முறிந்து சாலையோரம் விழுந்த கிளை கிடைத்தால் அன்று உங்களுக்கு யோகம். காப்புக்காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி தேவை.

இருப்பிடத்தைச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள். அகத்தியமலையில் மட்டுமே இயற்கையாக வளரும் மஞ்சள் நிறப் பாபியோபெடிலம் ட்ரூரியை, சேகரிப்பவர்கள் அள்ளிக்கொண்டு போய் அழிவின் விளிம்புக்குத் தள்ளிவிட்டார்கள்.

படி 6: ஒரு பயிற்சி

மலை ஏற வேண்டாம். மாமரமோ வேம்போ உள்ள அடிவாரத் தோப்பு போதும். இரண்டு வரிசையாக வார்போன்ற இலைகளோடு ஒரு செடி. வாண்டா டெசலேட்டாவா, அகாம்பே ப்ரீமோர்சாவா? பூ இல்லாமல் பார்த்தால் தொடக்கக்காரர் இரண்டையும் குழப்பிக்கொள்வார். பூத்ததும் சிக்கல் தீரும். வாண்டாவின் பூ பெரியது, பழுப்பு மஞ்சளில் கட்டம்போட்ட கோலம், பின்புறம் வெள்ளை, உதடு நீலமோ ஊதாவோ. அகாம்பேயின் பூ தடித்துச் சிறியது, மஞ்சளில் செம்பழுப்புப் பட்டைகள், கொத்தாக நெருங்கியிருக்கும்.

பேரினம்வரை வந்தால் தொடக்கத்தில் அதுவே நல்ல தேர்ச்சி. இனப்பெயரை ஊகித்து எழுதுவதைவிட “ஹெபனேரியா, இனம் தெரியவில்லை” என்பது நேர்மையான குறிப்பு. சந்தேகம் தீராதவர்கள் ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்கிட் தோட்டத்துக்கு ஒரு முறை போய்வாருங்கள். பூத்தவற்றிடமே நின்றுவிடாமல், பூக்காத தொட்டிகளின் பொய்க்குமிழ்களையும் இலை நுனிகளையும் பாருங்கள்.