தனியாளாக எந்த ஊருக்குக் குடிபெயர்வது: முடிவெடுக்கும்போது நேரும் தவறுகள்

கையில் இரண்டு வேலைக் கடிதங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று பெங்களூருவில், ஆண்டுக்கு 7 லட்சம் ரூபாய். மற்றொன்று கோயம்புத்தூரில், ஐந்தரை லட்சம். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில், திருமணமாகாத ஒருவர் இதைப் பார்த்தவுடன் பெங்களூரு என்று முடிவு செய்துவிடுவார். வீட்டாரும் அதையே சொல்வார்கள். அந்த முடிவு சரியாகவும் இருக்கலாம். ஆனால் அதை எட்டிய வழி பெரும்பாலும் தவறானது. ஏனென்றால் குடும்பமாகப் போகிறவர்களுக்கு இரண்டு சம்பளமோ, குறைந்தது இரண்டு பேரின் கைகளோ இருக்கும். தனியாளுக்கு ஒரே சம்பளம், ஒரே உடம்பு. எந்த ஊர், எந்தத் தெரு அந்தச் சுமையைக் கொஞ்சம் பகிர்ந்துகொள்ளும் என்பதுதான் அவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. நான் தென்காசிப் பக்கத்திலிருந்து கிளம்பி இரண்டு நகரங்களில் ஒன்பது ஆண்டுகள் தனியாக இருந்தவன். கீழே சொல்லும் தவறுகளில் பலவற்றை நானே செய்திருக்கிறேன்.

முதல் தவறு, ஆண்டுச் சம்பளத்தை ஆண்டுச் சம்பளத்தோடு ஒப்பிடுவது. நிறுவனம் சொல்லும் மொத்தத் தொகைக்குள் அது செலுத்தும் வருங்கால வைப்பு நிதிப் பங்கு, பணிக்கொடைக்கான ஒதுக்கீடு, ஆண்டு முடிவில் தரக்கூடிய, தராமலும் போகக்கூடிய ஊக்கத்தொகை எல்லாம் அடங்கியிருக்கும். மாதம் வங்கிக் கணக்கில் எவ்வளவு விழும் என்று மனிதவளப் பிரிவிடம் நேராகக் கேட்டுவிடுவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. அதைவிட முக்கியமானது, முதல் சம்பளம் வருவதற்கு முன்னரே கையிலிருந்து போகும் பணம். பெங்களூருவில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்கும் பழைய வழக்கம் இன்னும் முற்றிலும் மறையவில்லை. ஐந்து, ஆறு மாத வாடகை கேட்பது அங்கே சாதாரணம். 15,000 ரூபாய் வாடகை வீட்டுக்கு ஆறு மாத அட்வான்ஸ் 90,000, தரகருக்கு ஒரு மாதம் 15,000, முதல் மாத வாடகை 15,000 என்று கூட்டினால், பாய் விரிப்பதற்கு முன்பே 1,20,000 ரூபாய் ஆகிறது. காலி செய்யும்போது சுவருக்கு வண்ணம் பூசும் செலவு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வதும் அங்கே நடைமுறை. ஒப்பந்தங்கள் பெரும்பாலும் பதினொரு மாதத்துக்கே எழுதப்படுகின்றன. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயமாகப் பதிவு செய்ய வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் சொல்வதே அதற்குக் காரணம். ஆக, ஆண்டுக்கு ஒருமுறை வீடு மாறுகிறவர், தரகருக்கும் வண்ணத்துக்குமாக 30,000 ரூபாயை இழக்கிறார். இரண்டு வேலைகளுக்கும் இடையில் இருந்த ஒன்றரை லட்சம் வித்தியாசத்தில் ஐந்தில் ஒரு பங்கு அப்படியே போய்விட்டது. தமிழ்நாட்டில், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்கள் சட்டம், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. நடைமுறையில் அதற்கு மேல் கேட்பவர்கள் உண்டு என்றாலும், பேசிக் குறைப்பதற்கு அந்தச் சட்டம் ஒரு பிடி.

இரண்டாவது தவறுதான் எல்லாவற்றிலும் பெரியது என்று நான் நினைக்கிறேன். ஊரின் பெயரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, ஊரைத் தேர்ந்தெடுத்துவிட்டதாக நம்புவது. சென்னை என்பது ஒரு ஊர் அல்ல. அம்பத்தூரில் அறை எடுத்துச் சிறுசேரியில் வேலை பார்ப்பவரும், துரைப்பாக்கத்தில் அறை எடுத்து அதே சிறுசேரிக்குப் போகிறவரும் வாழ்வது இருவேறு வாழ்க்கை. பெங்களூருவில் வைட்ஃபீல்டுக்கும் எலக்ட்ரானிக் சிட்டிக்கும் இடையே அன்றாடம் போய் வருகிறவரைக் கேட்டால் தெரியும். ஒருவர் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் சாலையில் இருந்தால், வீடு திரும்பியபின் சமைக்க மாட்டார். துணி துவைக்க மாட்டார். நண்பரைப் பார்க்கப் போக மாட்டார். குடும்பத்தில் இந்த வேலைகளை வேறு யாராவது ஏற்பார்கள், இங்கே அந்த வேறு யாரும் இல்லை. ஆகவே முதலில் அலுவலகக் கட்டடம் எங்கே என்று உறுதி செய்துகொண்டு, அதிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டருக்குள் அறை தேடுவது நல்லது. வாடகை இரண்டாயிரம் ரூபாய் கூடினாலும் அது வீண்செலவாகாது. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆட்டோவில் போய்ப் பார்த்து முடிவு செய்யாமல், திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்த வழியில் ஒருமுறை பயணம் செய்து பார்த்தால், தரகர் சொன்ன இருபது நிமிடம் எவ்வளவு நீளமானது என்பது விளங்கிவிடும்.

இதோடு சேர்ந்த இன்னொரு தவறு, நாளை வரப்போகும் மெட்ரோவுக்கு இன்றே வாடகை கொடுப்பது. பெங்களூருவின் ஆர்.வி. ரோடு – பொம்மசந்திரா மஞ்சள் வழித்தடம் பலமுறை தள்ளிப்போய், 2025 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டது. அப்போதும் மூன்றே ரயில்கள், 25 நிமிடத்துக்கு ஒன்று என்றுதான் ஓடத் தொடங்கின. சென்னையில் ஏறத்தாழ 119 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாம் கட்டப் பணி நடக்கும் சாலைகளில், பழைய மகாபலிபுரம் சாலை உட்பட, தூண்களும் தடுப்புகளும் அங்கு குடியிருப்போரின் பொழுதை விழுங்கின. திறந்து ஓடுகிற ரயிலுக்கு அருகில் இருப்பதற்கு மட்டுமே கூடுதல் வாடகை தரலாம்.

தண்ணீரைக் கேட்காமல் வீடு பார்ப்பதும் பலர் செய்யும் பிழை. டிசம்பர், ஜனவரியில் போய்ப் பார்த்தால் எல்லா ஊரிலும் குழாயில் தண்ணீர் வரும். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் நடைக்கு 25 லட்சம் லிட்டர் வீதம் தண்ணீர் கொண்டுவர வேண்டியிருந்ததையும், 2024 மார்ச்சில் பெங்களூருவின் புறநகர்ப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி லாரித் தண்ணீருக்கு மக்கள் தவித்ததையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். குடும்பமாக இருந்தால் தண்ணீர் லாரி வரும் நேரத்தில் வீட்டில் யாராவது இருப்பார்கள். காலை பத்து மணிக்கு லாரி வந்தால் தனியாள் அலுவலகத்தில் இருப்பார். மழைக்காலத்துக்கும் இதே கேள்வி உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், முடிச்சூர் முதலிய இடங்களில் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. வாடகை குறைவு என்று தரைத்தளம் எடுப்பதற்கு முன், எதிரே உள்ள மளிகைக் கடைக்காரரிடம் அந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று கேளுங்கள். வீட்டு உரிமையாளர் சொல்லாததை அவர் சொல்லிவிடுவார்.

நண்பன் இருக்கிறான் என்பதற்காக ஒரு ஊரைத் தேர்ந்தெடுப்பதைத் தவறு என்று முழுமையாகச் சொல்லிவிட முடியாது; முதல் மாதத்தில் அதைவிடப் பெரிய உதவி கிடையாது. ஆனால் அந்த நண்பருக்கு அடுத்த ஆண்டு திருமணமாகலாம், அல்லது நிறுவனம் அவரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். இருபதுகளின் நடுவில் இருக்கும் அறைத்தோழர்கள் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் கலைந்துவிடுவது வழக்கமே. நண்பர் போய்விட்டாலும் அந்த ஊரில் இருக்க எனக்கு வேறு காரணம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அறையைப் பகிர்ந்துகொள்ளும்போது ஒப்பந்தத்தில் எல்லோருடைய பெயரும் இருக்க வேண்டும். ஒருவர் பெயரில் மட்டும் எழுதிவிட்டு மற்றவர்கள் கையில் பணமாகக் கொடுத்த அட்வான்ஸ், பிரியும்போது நட்பையும் சேர்த்துக் கெடுத்துவிடுகிறது.

இனி, எந்தப் பட்டியலிலும் இடம்பெறாத ஒன்று. தனியாக இருக்கும் ஊரில் காய்ச்சல் வந்தால் என்ன ஆகும் என்று யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. பெங்களூருவில் எனக்கு டெங்கு வந்தபோது, இரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கை பார்ப்பதற்காக ஐந்து நாட்கள் தொடர்ந்து ஆய்வகத்துக்குப் போக வேண்டியிருந்தது. நான் இருந்தது மூன்றாவது மாடி, மின்தூக்கி கிடையாது, ஆய்வகமோ நான்கு கிலோமீட்டர் தொலைவில். அந்தத் தெரு முனையில் சிறிய மெஸ் நடத்திவந்த அக்கா ஒருவர், இரண்டு நாட்களாக நான் சாப்பிட வராததைக் கவனித்து, தம் மகனிடம் கஞ்சி கொடுத்தனுப்பினார். நான் அந்த வீட்டை எடுத்தபோது அந்த மெஸ் என் கணக்கிலேயே இல்லை. இப்போது யாராவது என்னிடம் கேட்டால், வீட்டைச் சுற்றி நடந்து போகும் தூரத்தில் ஒரு மருந்துக் கடை, ஒரு சிறிய மருத்துவமனை, தினமும் சாப்பிடக்கூடிய ஒரு உணவகம் ஆகிய மூன்றும் இருக்கின்றனவா என்று முதலில் பார்க்கச் சொல்கிறேன். காவலாளியும் நீச்சல் குளமும் உள்ள, நகரின் விளிம்பில் நிற்கும் அடுக்ககத்தில் பக்கத்து வீட்டாரின் பெயர்கூடத் தெரியாமல் ஓராண்டு இருந்துவிட முடியும். திருவல்லிக்கேணியின் மேன்ஷன்களில் அறை குறுகலாகத்தான் இருக்கும். ஆனால் கீழே இறங்கினால் மெஸ்ஸும் மருந்துக் கடையும் பேச்சுத்துணையும் இருக்கும். நிறுவனம் தரும் மருத்துவக் காப்பீடு, வேலை போனால் அதோடு போய்விடும் என்பதால், சிறிய தொகைக்காவது சொந்தமாக ஒரு காப்பீடு வைத்திருப்பது தனியாளுக்கு மிகவும் அவசியம்.

வீடு கிடைக்கும் என்று எண்ணிக்கொண்டு கிளம்புவதும் தவறுதான். திருமணமாகாதவர்களுக்கு வீடு இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லும் உரிமையாளர்கள் எல்லா நகரங்களிலும் இருக்கிறார்கள்; தனியாக வாழும் பெண்களிடம் எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், யார் வந்து போவார்கள் என்ற கேள்விகளையும் சேர்த்துக் கேட்கிறார்கள். இது அநியாயம். ஆனாலும் இந்த நிலை இருப்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, முதல் ஒரு மாதத்துக்கு விடுதி அறையைப் பேசி வைத்துவிட்டுப் போவதே நல்லது. தமிழ்நாட்டில் பணிபுரியும் பெண்களுக்காக அரசு நடத்தும் தோழி விடுதிகள் தாம்பரம், கூடுவாஞ்சேரி முதலிய இடங்களில் இருக்கின்றன. தனியார் விடுதிக்குப் பணம் கட்டுவதற்கு முன் அவற்றில் இடம் இருக்கிறதா என்று விசாரித்துவிடலாம். பெண்கள் வீட்டைப் பகலில் மட்டும் பார்க்காமல், தங்கள் பணி முடியும் நேரத்தில் பேருந்து நிறுத்தத்திலிருந்து அந்த வீடு வரை ஒருமுறை நடந்து பார்ப்பது நல்லது.

வேலையை ஒரே ஒரு நிறுவனத்தின் மேல் வைத்து ஊரைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றிச் சற்றுக் கடுமையாகவே சொல்வேன். அந்த வேலை போனால் அதே ஊரில் அதே துறையில் வேறு யார் வேலை தருவார்கள்? பம்பு, வார்ப்படம், ஜவுளி இயந்திரம் என்றால் கோயம்புத்தூர் தாங்கும். பின்னலாடை என்றால் திருப்பூர். வாகன உற்பத்தி என்றால் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர். மென்பொருள் துறையில் முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் பெரிய நகரத்தில் இருப்பதே நல்லது என்பது என் கருத்து, ஏனென்றால் ஒற்றைச் சம்பளத்தில் வாழ்கிறவர் வேலையின்றி நான்கு மாதம் இருக்க முடியாது. அனுபவம் சேர்ந்தபின் சிறிய ஊருக்குத் திரும்புவது எளிது. தொடக்கத்திலேயே அங்கே போய்விட்டுப் பிறகு பெரிய நகரத்துக்கு மாறுவது அவ்வளவு எளிதாக இருப்பதில்லை. வாடகை மிச்சம் என்று ஓசூரில் தங்கி எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போய் வருகிறவர்கள், சுங்கக் கட்டணத்தையும் அத்திப்பள்ளி நெரிசலையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

சொந்த ஊருக்குத் திரும்பும் வழியைக் கிலோமீட்டரில் அளக்கக் கூடாது. 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 120 நாட்களுக்குப் பதிலாக 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் திறந்த சில நிமிடங்களில் தென்மாவட்ட ரயில்கள் நிரம்பிவிடுகின்றன. பெற்றோருக்கு உடல்நலம் சரியில்லை என்று இரவு பதினொரு மணிக்குத் தொலைபேசி வந்தால், முன்பதிவு இல்லாமல் எத்தனை மணி நேரத்தில் வீட்டு வாசலில் நிற்க முடியும் என்பதே சரியான அளவு. தென்காசிக்காரருக்கும் தருமபுரிக்காரருக்கும் பெங்களூரு ஒரே தொலைவில் இல்லை.

பெங்களூருவில் தமிழே போதும் என்று இருந்துவிடுவதையும் நான் தவறென்றே கருதுகிறேன். சமாளிக்க முடியும் என்பது உண்மைதான். ஆனால் இரண்டு மாதம் முயன்று பேசுமளவு கன்னடம் கற்றுக்கொண்டவரைப் பக்கத்து வீட்டாரும் காய்கறிக்காரரும் நடத்தும் விதமே வேறு; தனியாக வாழ்கிறவருக்கு அந்த உறவு தேவை.

ஆவணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வாக்காளர் முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8 போதும். கர்நாடகத்தின் சக்தி திட்டத்தில் பெண்களுக்கான இலவசப் பேருந்துப் பயணம் அம்மாநிலத்தில் வசிப்பவர்களுக்கு மட்டுமே. வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருக்கும் வாகனத்தை அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவனத்தில் பணிபுரிகிறவர், புதிய வாகனம் வாங்கும்போதே, மாநிலம் மாறினாலும் மறுபதிவு தேவைப்படாத, 2021-இல் அறிமுகமான பி.எச். வரிசைப் பதிவெண்ணைக் கேட்டுப் பார்க்கலாம்.

கடைசியாக, வந்து சேர்ந்த முதல் மாதத்திலேயே அந்த ஊரோடு தன்னைக் கட்டிப்போட்டுக்கொள்வது. குறைந்தது ஓராண்டு காலி செய்யக் கூடாது என்ற நிபந்தனையுள்ள ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது, தவணையில் கட்டிலும் குளிர்சாதனப் பெட்டியும் வாங்குவது, வரிச் சலுகைக்காக என்று வீட்டுக் கடன் வாங்குவது ஆகியவற்றை முதல் ஆறு மாதங்களுக்குத் தள்ளிப்போடுங்கள். காலி செய்வதற்கான முன்னறிவிப்பு ஒரு மாதமா, இரண்டா, எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அட்வான்ஸை வங்கி வழியாகவே செலுத்துங்கள். சாவி வாங்கும் நாளில் சுவர், குழாய், சன்னல், மின்மீட்டர் எண் எல்லாவற்றையும் படம் எடுத்து, அன்றே வீட்டு உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்துவிடுங்கள்.